அளவு கேட்காமல் வெட்டிய துணி

ஈழத்தில் போர் முடிந்த வருடம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். செக்கிங்கில் இருந்த மாலா அகதி முகாமிலிருந்து வேலைக்கு வருகிறவள். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணை, இனப்படுகொலையில செத்த சனத்துக்காக நாடகம் போடுறம். உடல்களை மூட வெள்ளைத் துணி வெட்டித் தருவீங்களோ?"

அளவு கேட்காமல் எந்தத் துணியையும் நான் வெட்டியதில்லை. ஆனால் பெண்களிடம் பேசக் கூச்சம். தலையாட்டிவிட்டு, எல்லாவற்றையும் ஆள் உயரத்துக்கு வெட்டிக் கொடுத்தேன்.

நாடகம் நடந்த மண்டபத்தில் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்தேன். பறை அதிர அதிர, நடித்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். மாலா மூடிக்கொண்டே வந்தாள். கடைசியாக ஒரு குழந்தையின் புகைப்படத்தைத் தரையில் வைத்தாள். துணியை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள். அப்போதும் பெரிதாகவே இருந்தது. பறை நின்ற பிறகும் மடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "சொல்லியிருந்தா சின்னதா வெட்டியிருப்பேனுங்க அம்மிணி" என்றேன்.

"அக்காட பிள்ளை அண்ணை. மூண்டு வயசு. நீங்க கேக்கேல்லையே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவள் டேபிளுக்கும் என் டேபிளுக்கும் பத்தடிதான் தூரம். அவளுக்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நாலு வருடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் டீ நேரத்தில் அவளிடம் போய், பிள்ளையின் பெயரைக் கேட்டேன்.