புகைக்குழாய் உறுமிய மதியம்

அவளை எல்லோரும் காத்தாடி என்றுதான் கூப்பிட்டார்கள். தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை. மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பிரிப்பதை இவள் நின்றும் நடந்தும் பிரிப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். கழுவிய தட்டை இன்னொரு தடவை கழுவுவாள். சாத்திய ஜன்னலைத் திறந்து மறுபடி சாத்துவாள்.

குளிருக்கு அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு இரும்பு அடுப்பு. கண்ணாடி வைத்த கதவு, உள்ளே விறகு, மாடி அறை வழியாகக் கூரைவரை போகும் புகைக்குழாய். கதவுக்குக் கீழே ஒரு கம்பி, மேலே ஒரு கம்பி. இழுத்தால் காற்று உள்ளே போகும், தள்ளினால் அடைபடும். கீழ்க்கம்பி விறகு பற்றிக்கொள்ளும்வரைக்கும். மேல்கம்பி, எரிகிற விறகின் புகையையும் சேர்த்து எரிப்பதற்கு. அடுப்பு விற்றவர் இதை விளக்கியபோது புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்குப் பாதியாகக் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

புருஷன் பேக்கரியில் ரொட்டி சுடுபவர். "நெருப்பப் பத்தி எனக்கா சொல்லித் தர்ற?" என்பார்.

"உங்க பேக்கரில இருக்கறது கரண்ட் அடுப்புங்க."

"அடுப்பு அடுப்புதான்."

விறகு நின்று எரிய வேண்டும் என்பது அவர் கட்சி. சரியாகப் பற்றும் முன்பே இரண்டு கம்பிகளையும் தள்ளிவிடுவார். தீ அமுங்கும், கண்ணாடி கறுக்கும், விறகு பிசுபிசுவென்று புகையும். அதைப் பார்த்தாலே காத்தாடிக்கு மூச்சு முட்டும். அவர் தலை மறைந்ததும் இரண்டையும் இழுத்துவிடுவாள். தீ திபுதிபுவென்று எழும். அவர் வந்து தள்ளுவார். அவள் போய் இழுப்பாள். குளிர்காலம் முழுக்க இதே கூத்து.

மாடி அறையில் புருஷனின் அக்கா இருந்தார். காத்தாடி அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தார். "ஏய் காத்தாடி, இங்க தார் உருக்கற மாதிரி நாத்தம் வருது" என்று அடிக்கடி குரல் கொடுப்பார். காத்தாடி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருவாள். குழாயைப் பற்றி யாருக்கும் யோசனை போகவில்லை.

அன்று அவளுக்கு விடுமுறை. புருஷன் வழக்கம்போல் கம்பிகளை இறுக்கத் தள்ளிவிட்டு வேலைக்குப் போயிருந்தார். மதியம் அடுப்பு செத்துக் கிடந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. பழப்பெட்டி உடைத்த காய்ந்த பலகைகளை அள்ளிப் போட்டு, இரண்டு கம்பிகளையும் முழுசாக இழுத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

பாதித் துணி மடிப்பதற்குள் ஒரு சத்தம். தெருவில் லாரி என்று நினைத்தாள். லாரி என்றால் நகர்ந்து போக வேண்டுமே, இது போகவில்லை. சுவருக்குள்ளேயே நின்று உறுமியது. திரும்பிப் பார்த்தால் குழாயின் அடிப்பாகம் சிவந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டாள். எடுத்த பெண் நிதானமாகச் சொன்னாள்: "ரெண்டு காத்துக் கம்பியையும் மூடுங்க. அடுப்புக் கதவத் தெறக்கவே கூடாது. தண்ணி ஊத்தாதீங்க. எல்லாரும் வெளிய வந்துடுங்க."

கம்பிகளைத் தள்ளினாள். உள்ளே என்ன ஆகிறது என்று பார்க்கக் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. விரல் பட்டதும் சூட்டில் துள்ளினாள். கதவை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். அண்ணியை முதுகில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவுக்கு வந்து சேர்ந்தாள்.

கூரைக்கு மேல் பொறி பறந்தது. காத்தாடியால் நிற்க முடியவில்லை.

"ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன் அண்ணி."

எதிர்வீட்டார் கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "உள்ள போனா சும்மா இருக்க மாட்ட. கதவத் தெறந்துடுவ. இங்கயே நில்லு."

நின்றாள். ஒரு காலில் நின்றாள், மறு காலுக்கு மாறினாள், நகத்தைக் கடித்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒன்றுமே செய்யாமல் நின்றது அன்றைக்குத்தான். உறுமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிவது தெருவரை கேட்டது.

தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் குழாயைச் சுரண்டி புகை படிந்து தார் மாதிரி இறுகிய கறுப்புக் கட்டிகளை வாளி வாளியாக இறக்கினார்கள். தலையில் மாவோடு ஓடிவந்த புருஷன் கேட்ட முதல் கேள்வி: "இவ காத்தத் தெறந்துவிட்டதாலதான சார்?"

வாளியைக் கீழே வைத்தவர் சிரிக்கவில்லை. "காத்து இல்லாமப் பொகைய விட்டு இத்தனையையும் சேத்து வெச்சது ஒருத்தர். ஒரேயடியாத் தெறந்து பத்த வெச்சது ஒருத்தர். நல்லவேளை, அப்புறமாவது மூடினாங்க."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

குழாயை மாற்றினார்கள். மாடிச் சுவரின் கருகல் போக வெள்ளையடித்தார்கள். இப்போதெல்லாம் இரண்டு கம்பிகளையும் இழுத்துத்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். விறகு நன்றாகப் பிடித்ததும் கீழ்க்கம்பியை மூடி, மேல்கம்பியைப் பாதிக்குத் தள்ளுகிறார்கள். அதற்கப்புறம் யாரும் தொடக்கூடாது. அதுதான் இருவருக்கும் பெரும் பாடு.

"இன்னும் கொஞ்சம் மூடட்டுமா?" என்று அவர் நெளிவார்.

"கண்ணாடி கறுக்குதா பாருங்க."

"இல்ல."

"அப்ப விடுங்க."

சொல்லிவிட்டு அவளே எழுந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு தெருவுக்குப் போவாள். கழுத்தை வளைத்துக் கூரையைப் பார்ப்பாள். புகை மெல்லிசாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி போய்க்கொண்டிருந்தால் உள்ளே வந்து உட்காருவாள். கொஞ்ச நேரம்தான். மறுபடி எழுந்து போவாள்.