வெள்ளைக் கோட்டா, விசிலா?

முப்பத்தைந்து வருஷமாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் ஊர்த்துணி வெளுக்கிறேன். ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போனதே இல்லை.

போன வியாழக்கிழமை போய்விட்டது.

ஆஸ்பத்திரி டயட்டீஷியன் ரோஸி மேடத்தின் வெள்ளைக் கோட்டுகள், காலேஜில் பி.டி. லெக்சரராக இருக்கும் விலாசினி டீச்சர் வீட்டுக்கு. டீச்சரின் வெள்ளை ட்ராக் பேன்ட், மேடம் வீட்டுக்கு. இரண்டும் வெள்ளைதான். ஆனால் எனக்குமா அடையாளம் தெரியாது?

நான் படித்தது மூணாங் கிளாஸ். அதனால் என்ன? சேராங்கொட்டை மையில் நான் போடுகிற குறி எந்தச் சோப்புக்கும் போகாது. மேடத்துக்கு ஒரு கோடு, ரெண்டு புள்ளி. டீச்சருக்கு ரெண்டு கோடு, ஒரு புள்ளி.

அந்த வாரம் வீட்டில் வேறொரு தலைவலி இருந்தது. நாற்பது வயசில் நான் பெற்ற கடைக்குட்டி செல்வி, பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ரெண்டு ஃபாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்று நியூட்ரிஷன். எந்த நோயாளி எதைத் தின்னலாம் என்று சொல்கிற படிப்பு. இன்னொன்று பிசிக்கல் எஜுகேஷன். காலேஜ் பெண்களை ஓட வைக்கிற படிப்பு. எதற்கு அனுப்பினாலும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வைத்து அனுப்ப வேண்டுமாம். ஒரிஜினல் ஒரு செட்தானே? வெள்ளிக்கிழமை கடைசித் தபால்.

"நீ சொல்லும்மா" என்றாள் புதன்கிழமை.

எனக்குத் தெரிந்தது துணி. துணியை வைத்துச் சொன்னேன்.

மேடத்தின் கோட்டு பத்து வருஷமாக என் கைக்கு வருகிறது. பாக்கெட்டில் பேனா மை... அவ்வளவுதான். ஒரு சாம்பார்த் துளி? ஒரு மஞ்சள் கறை? கிடையாது. வேலையே சோற்றைப் பற்றி — ஆனால் சோறு கிட்டேயே வருவதில்லை! டீச்சர் துணி அப்படியில்லை. ஆரம்பத்தில் முட்டி இரண்டிலும் புல் கறை, செம்மண். கல்லில் அடித்து அடித்து என் தோள்பட்டை போயிற்று. அப்புறம் வருஷா வருஷம் குறைந்தது. இப்போது பின்பக்கம் மட்டும் லேசாக அழுக்கு. நாற்காலி அழுக்கு.

"அப்ப எதும்மா நல்லது?"

"கோட்டுதான். ரெண்டு அலசு, கொஞ்சம் கஞ்சி, முடிஞ்சுது."

"அது வெளுக்கறவளுக்குச் சுகம். போட்டுக்கறவளுக்கு?"

இஸ்திரிப் பெட்டிக்குச் சிரட்டைக் கரி போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல மழை. குடையும் மூட்டையுமாக மேடம் வந்தார்.

"எந்தா அக்கா இது? ஆஸ்பத்திரியில எனக்கு ஓட்டப்பந்தயமா?"

பின்னாலேயே டீச்சர். "நான் க்ரௌண்டுல கோட்டுப் போட்டு நின்னா, பிள்ளைங்க ஊசி போட வந்திருக்கேன்னு ஓடும் அக்கா!"

முப்பத்தைந்து வருஷத்து மானம் ரெண்டு மூட்டையாக வாசலில் நிற்கிறது.

செல்வி அதற்குள் ரெண்டு ஸ்டூல் போட்டுவிட்டாள். "துணி ஈரமா இருக்கு. ஒரு தேய்ப்பு தேய்ச்சுத் தர்றேன், உக்காருங்க." சாயாவும் வந்தது. துணியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "உங்க ரெண்டு பேர் வேலையில எது நல்லது?"

மேடம் சிரித்தார். "என் வேலைக்கு வராதே மோளே. ஷுகர்காரனுக்கு இவ்வளவு சோறுன்னு அளந்து எழுதிட்டு வருவேன். சாயங்காலம் பார்த்தா தலையணைக்கு அடியில பொரிச்ச வாழைப்பழம், பழம்பொரி! கொண்டு வந்தது அவன் பெண்டாட்டி. டாக்டர் திட்டறது என்னை. டீச்சருக்கென்ன, திறந்த வெளி, நல்ல காத்து."

"காத்தா?" டீச்சர் கிளாஸைக் கீழே வைத்தார். "எங்க க்ரௌண்டுல அது மட்டும்தான் உண்டு! நாப்பது பேர்ல முப்பது பேருக்கு என் பீரியட்ல வயித்து வலி. மிச்சப் பேரை, போர்ஷன் முடிக்கணும்னு கணக்கு டீச்சர் கூட்டிட்டுப் போயிடுவாங்க. விசில் ஊதினா காக்கா பறக்கும். உங்க ஆளாவது கட்டில்ல கிடக்கான், எங்கேயும் ஓட மாட்டான்."

"கிடந்தாலும் கேக்க மாட்டான் டீச்சரே!"

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை.

"பிள்ளைங்க வந்தா, டீச்சர்?"

டீச்சர் கீழே வைத்த கிளாஸைத் திரும்ப எடுத்தார். "வந்தா... அதைவிட நல்ல வேலை இல்லை மோளே. முதல் ரெண்டு வருஷம் வந்தாங்க. அப்பதான் உங்கம்மா திட்டிக்கிட்டே என் பேன்ட்டை வெளுத்தாங்க."

எட்டரை மணிப் படகைப் பிடிக்க மேடம் கிளம்பினார். டீச்சரும் போனார். அவரவர் துணி அவரவர் கையில்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். குறி பார்த்துத்தான் கட்டினேன். மேடத்துக்கு நீல மூட்டை, டீச்சருக்குப் பச்சை. கொண்டு போய்க் கொடுத்தது யார்? செல்வி.

"ஏண்டி... வேணும்னேவா?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "வீட்டுக்குப் போய்க் கேட்டா, வாசல்ல நிக்க வெச்சு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிடுவாங்கம்மா. இங்க வந்தா உக்காந்து பேசுவாங்க."

கோபம் வந்தது. அவள் சொன்னதில் பிழை இல்லாததால் அதிக நேரம் நிற்கவில்லை.

மத்தியானம் கவரை ஒட்டினாள். எதற்கு? அவளே சொன்னாள். விசிலுக்குத்தான். நல்லது. வர மாட்டேன் என்கிற பெண்களை க்ரௌண்டுக்கு வரவழைப்பதுதான் கஷ்டம் என்றாரே டீச்சர்? ரெண்டு பெரிய மனுஷிகளைக் கொட்டுகிற மழையில் என் வாசலுக்கு வரவழைத்தவளுக்கு அது ஒரு வேலையா?

செல்வியைக் காட்டிக் கொடுக்க முடியாது; நல்ல வேளை, மேடத்துக்கும் டீச்சருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள் — என் குறி தப்பவில்லை.