வாசித்த பிறகுதான் கையெழுத்து

அந்தக் காவல் நிலையத்துக்கு அதிகாரிகள் வருவார்கள், போவார்கள். டைப்பிஸ்ட் அம்மா மட்டும் இருபத்தாறு வருடமாக அதே நாற்காலியில் இருந்தார். ஆள் ஒல்லி, குரல் வெண்கலம். யாருடைய வாக்குமூலமானாலும் அடித்து முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டுவார். கேட்டவர் சரியென்று தலையாட்டினால்தான் பேனாவை நீட்டுவார். "அம்மா ரேடியோவைப் போட்டுட்டாங்க" என்று காவலர்கள் கிண்டலடிப்பார்கள். கிண்டலடித்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா விட்டுவிடுவார்.

அந்த வழக்கம் சும்மா வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சலவைக்காரரின் வாக்குமூலத்தைப் பார்த்து அடிக்கும்போது ஒரு வரியைத் தாண்டிவிட்டார். சம்பவத்தன்று அந்த மனிதர் ஊரிலேயே இல்லை என்பது அந்த வரியில்தான் இருந்தது. பதினோரு நாள் உள்ளே கிடந்தார், பாவம். அதை நினைத்தால் அம்மாவுக்கு இன்றும் சாப்பாடு இறங்காது.

ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாதென்று அரசாங்கம் உத்தரவு போட்ட வாரம், சந்தையில் அதை எதிர்த்துப் பேசிய பஸ் டிரைவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பிடித்த தள்ளுமுள்ளில் அவருடைய கண்ணாடி உடைந்திருந்தது. அதிகாரி, தன் கையால் எழுதிய தாளை அம்மாவின் மேஜையில் வைத்தார்.

"இதை அப்படியே அடிங்க. வாசிக்கிறதெல்லாம் வேணாம்."

அம்மா அடித்தார். டிரைவரிடம் யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவருக்கு மதியம் ஓடிப்போய்ச் சாப்பாடு ஊட்டிவிட்டு வருபவர் அவர். மறுத்தால் தூரத்து ஊருக்குத் தூக்கியடிப்பார்கள்; அப்புறம் அந்த மனிதரை யார் பார்ப்பார்கள்?

டிரைவர் தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "நீங்க அடிச்சதுன்னா சரியாத்தான் இருக்கும். பேனா குடுங்கம்மா."

அந்த நம்பிக்கைதான் அம்மாவைச் சுட்டது. தாளை வாங்கினார். வராந்தாவில் புகார் கொடுக்கக் காத்திருந்த இருபது பேருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "அரசு அலுவலகத்தின் மேல் நான் கல்லெறிந்தேன்..."

"கல்லா? நான் கல்லைத் தொடவே இல்லையேம்மா. பேசினேன், அவ்வளவுதான்."

அதிகாரியின் முகம் கறுத்தது. "உங்கள யாரு வாசிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். கையெழுத்து அவரோடது. எதுக்குப் போடுறோம்னு அவருக்குத் தெரியணும்."

புதுத்தாள் எடுத்து, டிரைவர் சொன்னதை மட்டும் அடித்து, வாசித்து, கையெழுத்து வாங்கினார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதிகாரியால் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது. சாயங்காலம் உத்தரவு வந்தது: நாளை முதல் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறை. ஊர் மாற்றவில்லை, தப்பித்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர் கோணிய வாயால் மெல்லக் கேட்டார். "சத்தமா... வாசிச்சியா?"

"தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்."

அவர் பாதி முகத்தால் சிரித்தார். அந்தப் பாதிச் சிரிப்பு அம்மாவுக்கு எந்த விருதையும்விடப் பெரிது.

அடுத்த வாரம், கோப்புகளின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது மாடிப்படி வழியே ஒரு காய்கறிக்காரியின் குரல் இறங்கி வந்தது.

"வாசிச்சுக் காட்டுங்க சார். அப்புறம் போடுறேன்."

"எனக்கும்தான்" என்றது இன்னொரு குரல்.

புது டைப்பிஸ்ட் இன்னும் வரவில்லை. பிறகு ஒரு தொண்டைக் கனைப்பு. அதிகாரியே, வேண்டாவெறுப்பாக, வரி வரியாக வாசிக்கத் தொடங்கினார். அம்மா கோப்பைக் கீழே வைத்துவிட்டுப் படியருகே வந்து நின்று, தலையை நிமிர்த்திக் குரல் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சார். வராந்தாவுல கடைசி ஆளுக்கும் கேக்கணும்."