மாமா பெயரில் எடுத்த வீடு

நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மாமா எனக்கு அப்பாவானார். அப்பா எனக்கு மாமாவானார். ஏற்பாடு மாமாவுடையது. அவர் அம்மாவின் தம்பி. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. விடுமுறை நாளில்கூட கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்.

அதுவரை நாங்கள் அம்பத்தூரில் பெரியப்பா வீட்டில், ஓர் அறையில் இருந்தோம். அப்பா அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். ஆர்டர் கொடுத்துவந்த கம்பெனி கைவிட்டதும் பட்டறை நின்றது; அதற்காக வாங்கிய கடன்கள் நிற்கவில்லை. வசூல் ஆட்கள் வாசலுக்கு வந்து தெருவுக்கே கேட்கும்படி பேசத் தொடங்கினார்கள். பெரியப்பா எங்களைப் போகச் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் சொன்னார், பெரியம்மா அம்மாவிடம் சொன்னார்.

முகப்பேரில் வாடகைக்கு ஒரு ஃப்ளாட் ஏறக்குறைய பேசி முடிந்துவிட்டது. கடைசியில் வீட்டுக்காரரின் மகன் அப்பாவின் பான் எண்ணையும், அவர் ஃபோனுக்கு வந்த ஓடிபியையும் வாங்கித் தன் ஃபோனில் எதையோ தட்டிப் பார்த்தான். "சிபில் ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்கே சார்" என்றான். பெரியவர்களுக்கும் மார்க் போடுகிறார்கள் என்பதும், அப்பா அதில் ஃபெயில் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. எதில் பரீட்சை என்று கேட்டேன். அப்பா வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் மாமா வந்தார்.

"மாமா, என் பேர்ல எடுத்துடலாம்" என்றார் அப்பாவிடம். "ஆனா பேச்சிலருக்கு எவனும் ஊடு குடுக்க மாட்டான். பாப்பாவ இட்டுகினு போனா நானும் ஃபேமிலிதான்."

"அப்ப நான் யாரு?" என்று அம்மா கேட்டாள்.

"நீ வராதக்கா. உனக்கு ஜொரம்."

நாங்கள் மூவரும் ஒரே வண்டியில் பருத்திப்பட்டுக்குப் போனோம். வழியெல்லாம் எனக்குப் பயிற்சி நடந்தது. "நான் யாரு?" என்று மாமா கேட்பார்; "அப்பா" என்பேன். "பின்னால குந்திகினு இருக்கிறது?" "மாமா."

ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி மாடிப்போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். அந்த ஊரிலேயே பரம்பரையாகப் பயிர் செய்த குடும்பம். நிலம் மனையாகி, மனை வீடாகி, இப்போது வாடகைதான் விளைச்சல். ஏரிக்காற்று நன்றாக வரும் என்றார். கொசுவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நான் அபாரமாக நடித்தேன். கேட்காதபோதும் "அப்பா, இந்த ஜன்னலப் பாருங்கப்பா" என்று மாமாவின் சட்டையை இழுத்தேன். சொதப்பியது மாமாதான். சமையலறைக் குழாயைத் திறந்தவர், மச்சான் என்று கூப்பிட வேண்டிய அப்பாவைப் பழக்கதோஷத்தில் பார்த்து, "மாமா, மேல டேங்க்ல தண்ணி இருக்கா பாருங்க" என்றுவிட்டார்.

வீட்டுக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா கூப்புட்டு கூப்புட்டு எனக்கும் அதே பழக்கமாயிடுச்சிம்மா. மச்சான் தப்பா எடுத்துக்க மாட்டாரு" என்றார் மாமா.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "அதான பார்த்தேன். பொண்ணு மாமன அப்டியே உரிச்சி வெச்சா மாதிரி கீது" என்று சிரித்தார். மாமாவும் சிரித்தார். அன்றே பேசி முடித்து அவர் பெயரில் அக்ரிமென்ட் போட்டார்கள்.

குடிபோன பிறகும் நான் விடவில்லை. மாடிப்படியில் நின்றுகொண்டு, கீழே கேட்கட்டும் என்று அப்பாவை "மாமா, மாமா" என்று கூவி அழைப்பேன். அம்மாவோ, தம்பிக்குப் பெண்டாட்டி என்று பெயர் வாங்கிய அவமானத்தில் கீழே இறங்குவதையே குறைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்த மாமாவுக்குத் தோசை விழுந்தது, பேச்சு விழவில்லை.

ஒருநாள் மாலை, வீட்டுக்கார அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பூனையை விரட்டும் வேலையில் இருந்தேன். ஒரு வண்டியில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் ஒருவன் அப்பாவின் பெயரைச் சொல்லி, "இங்கதான கீறாரு?" என்றான். மாடியில் ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது.

"அந்தப் பேர்ல இங்க யாரும் கெடியாது" என்றார் அந்த அம்மா, கத்தியை நிறுத்தாமல். "மேல கீறவரு காலேஜி ஆபீஸ்ல வேல செய்றாரு. வேணும்னா அக்ரிமென்ட்ட எடுத்தாந்து காட்டட்டா?"

அவன் என்னிடம் குனிந்தான். "பாப்பா, உங்கப்பா பேரு இன்னா?"

நான் மாமாவின் முழுப்பெயரையும் சொன்னேன், இனிஷியலோடு.

"கேட்டுகினியா? கொயந்தைய போட்டு நோண்டாத, கெளம்பு" என்று அந்த அம்மா கத்தியால் தெருவைக் காட்டினார். அவர்கள் போனதும் என் தலையைத் தடவினார். விரலில் மீன் வாடை. உலகத்திலேயே நல்லவர் அவர்தான் என்று நான் அன்று முடிவுசெய்தேன்.

கையைக் கழுவிக்கொண்டு அவர் மாடிக்கு வந்தார். அதுவே முதல் முறை. அப்பா கதவோரம் நின்றிருந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"மொத நாளே தெரியும் தம்பி" என்றார் அப்பாவிடம். "இந்த மூஞ்சிய வெச்சிகினு மாமன்னா எவ நம்புவா? பரவால்ல, அவனுங்க திரும்ப வந்தாலும் நான் பார்த்துக்கறேன்." பிறகு அம்மாவிடம் திரும்பி, மின்விசிறியைப் பார்த்தபடி, "அடுத்த மாசத்துலேந்து வாடகைய மட்டும் கொஞ்சம் ஏத்திக் குடுத்துடும்மா" என்றார். எவ்வளவு என்றும் சொன்னார். முகப்பேர் ஃப்ளாட்டுக்குக் கேட்டதைவிட அதிகம்.

அம்மா கீரைக்காரியிடம் ஒரு கட்டுக்குக் கால்மணி நேரம் பேரம் பேசுகிறவள். அதற்காகவே நான் அவளோடு கடைக்குப் போகக் கூச்சப்படுவேன். அவள் இப்போது ஏதாவது சொல்லி அந்த நல்ல மனுஷியின் மனதை நோகடித்துவிடப் போகிறாளே என்று பயந்தேன்.

"சரிங்கம்மா" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

நான் நிம்மதியாகக் கீழே விளையாடப் போனேன். கேட்ட பணத்துக்கு மறுபேச்சு இல்லாமல் தலையாட்டிவிட்டாள் என்றால், எங்கள் கடனெல்லாம் தீர்ந்துபோயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.