வெள்ளைத்தாயின் காலும் அவித்த கட்டுத்துணியும்

ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணி மில்லில் நூற்றிருபது பேர் வேலை பார்க்கிறோம். அதில் கண்ணால் பார்த்ததை நம்புகிற ஆள் ஒருத்திதான், காளீஸ்வரி. மற்றவர்கள் எல்லோரும் முதலாளி ஆவுடையப்பனின் முகத்தைப் பார்த்து, அதில் என்ன தெரிகிறதோ அதை நம்புவோம். துணியை அவிக்கிற நீராவி மிஷின் ஓட்டுகிற சாம்சனாகிய நானும் அந்தக் கூட்டம்தான்.

காளீஸ்வரிக்கு ஊர் வ. புதுப்பட்டி. பத்தொன்பது வருஷமாக முதல் பஸ்ஸில் வந்து பரிசோதனை அறையைத் திறக்கிறாள். பரிசோதனை அறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், கக்கூசை ஒட்டிய பழைய ஸ்டோர் ரூம். கண்ணாடித் தட்டில் கிருமி வளர்க்கிற கூழ் ஊற்றி, துணித் துண்டை வைத்து, கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முளைத்தால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அதனாலேயே அவளை யாருக்கும் பிடிக்காது. கல்யாண வீட்டில்கூட இலையை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பாள் என்று கேலி பேசுவோம். அவள் சட்டை செய்ததில்லை.

போன வருஷம் ராஜரத்தினம் என்றொரு பேராசிரியர் காரில் வந்து இறங்கினார். எந்தக் கல்லூரி என்று சொல்லி அதன் மானத்தை வாங்க மாட்டேன். பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகுகிற வைரஸ்கள் உண்டாம். வெளியே வரும்போது பாக்டீரியாவின் சுவரை உடைக்க அவை ஒரு நொதியை வைத்திருக்கின்றனவாம். அந்த நொதியை மட்டும் தனியே தயாரித்துக் கட்டுத்துணியில் ஏற்றினால், சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணில் இருக்கிற கிருமி செத்துப்போகுமாம். பாதி கேட்கும்போதே முதலாளி ஃபிளக்ஸ் அடிக்க ஆள் அனுப்பிவிட்டார்.

விஷயம் பொய்யில்லை என்பதுதான் கொடுமை. பேராசிரியர் கொண்டுவந்த துணித் துண்டைக் கிருமித் தட்டில் வைத்து, மறுநாள் காளீஸ்வரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தட்டு முழுக்கக் கிருமி பாலாடை போலப் படர்ந்திருந்தது. துணியைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம், பளிச்சென்று வெறுமையாக இருந்தது.

"பாத்தீகளா அண்ணே, எம்புட்டுச் சுத்தமா அழிச்சிருக்கு!" என்றாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு மில்லிலேயே இருநூறு ரோல் தயாரானது. இங்கே கிருமி சாக ஆவி காட்டாமல் ஒரு முழத் துணி வெளியே போனதில்லை. முதலாளியின் அப்பா காலத்துச் சட்டம் அது. இருநூறு ரோலும் என்னிடம் வந்தன. நூற்றிருபத்தொரு டிகிரியில் அவித்து எடுத்தேன். முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு என்ன ஆகுமோ, அதுதான் அந்த நொதிக்கும் ஆனது. பேராசிரியர் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? முதலாளி எதிரில் வாயைத் திறக்கத்தான் தெரியவில்லை.

காளீஸ்வரி நான்கு முறை தட்டு வைத்துப் பார்த்தாள். வட்டம் விழவில்லை. நேராக முதலாளியிடம் போனாள்.

"சூடு இதுக்கு ஆகாது மொதலாளி. வேற வழியில சுத்தம் பண்ணணும். இப்போ இது வெறுந்துணி."

"ஆவி காட்டாத துணி இந்த மில்ல விட்டுப் போவாது. நீ பரிசோதனச் சீட்டுல கையெழுத்தப் போடு."

அவள் போடவில்லை. புதுப்பட்டியில் கிருமிகூட முரட்டுக் கிருமியாக இருக்கும் போல என்றார் பேராசிரியர். முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். காறித் துப்புவதென்றால் முதலில் என் மேல்தான் துப்ப வேண்டும்.

கேண்டீனில் பாத்திரம் கழுவும் வெள்ளைத்தாய்க்குச் சர்க்கரை. இடது பாதத்தில் நாலு மாதப் புண், ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய்க் கட்டு மாற்றி வருவாள். முதலாளியின் கண் அவள் மேல் விழுந்தது. துணியின் அறிமுக விழா மேடையில் அவள் காலில் புதுத் துணியைக் கட்டுவது, அன்றோடு ஆஸ்பத்திரியை நிறுத்துவது, மூன்று மாதம் கழித்து ஆறிய காலைப் படம் பிடிப்பது என்று முடிவானது. நோயாளி மேல் சோதிக்க அனுமதி வாங்கியாயிற்றா என்று காளீஸ்வரி கேட்டதற்கு, வந்துகொண்டிருக்கிறது என்றார் பேராசிரியர். முதலாளிக்கும் சர்க்கரைதான், அவர் கட்டைவிரலிலும் புண்தான். அதற்கு அவர் சனிக்கிழமைதோறும் ஏசி காரில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அந்தக் காலைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

"அக்கா, அந்தத் துணிய நம்பி ஆஸ்பத்திரிய விட்றாதீக. பாதமே போயிரும்," என்றாள் காளீஸ்வரி.

"ஏட்டி, மொதலாளி அவியளே எங்காலக் குனிஞ்சு பாத்தாக. ஒனக்கு வயித்தெரிச்சல்!"

காளீஸ்வரி வாதாடவில்லை. கட்டு பிரிக்கும்போது புண்ணைப் பஞ்சால் ஒரு தொடு தொட்டுக்கொள்ள மட்டும் கேட்டாள். விழா நாள் காலையில், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கே தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது ஒங்க கால்ல இருந்த கிருமி. இந்தா, இது அவிக்காத துணி, சுத்திலும் ஒண்ணுமே இல்ல. அந்தா இருக்கது இன்னைக்கு ஒங்களுக்குக் கட்டப்போற துணி."

அந்தத் துணியின் மேலேயே கிருமி ஏறிப் படர்ந்திருந்தது. வெள்ளைத்தாய் ஈரக்கையோடு குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

விழாவில் முதலாளி ரோலைப் பிரித்துக்கொண்டு குனிந்தார். கேமராக்கள் மின்னின. நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாய் காலை இழுத்துக்கொண்டாள்.

"மொதலாளி, ஒங்களுக்கும் சக்கர, எனக்கும் சக்கர. மொதக் கட்டு ஒங்களுக்குத்தான மரியாத. ஒங்க வெரல்ல கட்டுங்க, பொறவு நான் கட்டிக்கிடுதேன்."

முதலாளியின் கால் தானாகவே வேட்டிக்குள் பின்வாங்கியது. அன்றைக்கு முதல்முறையாக நூற்றிருபது பேரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தோம்.

வெள்ளைத்தாய் எழுந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். மறுநாள் காளீஸ்வரியைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டு, பரிசோதனை அறையைப் பூட்டினார்கள். இருநூறு ரோலும் குடோனில் கிடக்கின்றன. அடுத்த சனிக்கிழமையும் முதலாளி மதுரைக்குத்தான் போனார்.