தானாகப் போனவர்

திருமழிசைத் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே இருபத்திரண்டு வருடமாக அளவு சரிபார்க்கிற வேலை ஹேமநாதனுக்கு. மயிரிழை பிசகினாலும் சக்கரத்தை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். யார் வந்து கெஞ்சினாலும் மசியமாட்டார். பொல்லாத ரோஷக்காரர். கடைசியில் அந்த ரோஷம்தான் அவரைக் குப்புறத் தள்ளியது.

போன வருடம் ஆர்டர் குறைந்து, ஹேமநாதனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப முடிவானது. மேலாளர் தேன் ஒழுகப் பேசினார். ஆட்குறைப்பு என்று கம்பெனியே கடிதம் தரலாம், இல்லை, சொந்த விருப்பத்தில் விலகுவதாக அவர்களே எழுதித் தரலாம், எப்படியானாலும் கைக்கு வருவது நாலே முக்கால் லட்சம்தான் என்றார்.

ஹேமநாதன் எழுந்து நின்றார். “தொரத்திவுட்டாங்கன்ற பேரு நமக்கு எதுக்குப்பா? நாமளே போறோம்னு எழுதிக் குடுப்போம்!”

முதல் கடிதம் அவர் எழுதினார். மற்ற பதினோரு பேரும் அதைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். அன்றைக்கு நூம்பலில் இருக்கும் வீட்டுக்கு வந்து மனைவி அனுசுயாவிடம் இதைப் பெருமையாக வேறு சொன்னார், பாவம்.

வந்த பணத்தில் முப்பத்தேழாயிரம் வரியாகப் பிடித்திருந்தது. வேலை போனவர்களுக்குச் சலுகை உண்டு, கணக்குக் காட்டினால் திரும்பி வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். மீதிப் பணம் கடனுக்கும் வாடகைக்கும் கரைந்தது. மகள் ஷர்மிளாவின் நர்சிங் கட்டணத்துக்கு அந்த வரிப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். புது வேலையோ, ஐம்பத்து மூன்று வயதுக்காரருக்கு யார் தருவார்கள்?

ஆவடியில் வரிக் கணக்கு எழுதும் ஷோபனா காகிதங்களை இரண்டு தடவை புரட்டினாள்.

“ஆட்கொறைப்புல குடுக்குற நஷ்டஈடுன்னா அஞ்சு லட்சம் வரைக்கும் வரி இல்ல சார். நீங்க ராஜினாமா இல்ல பண்ணியிருக்கீங்க?”

“அவங்கதாம்மா அனுப்புனாங்க.”

“பேப்பர்ல அப்படி இல்லையே சார்.”

ஆட்குறைப்பு என்று கடிதம் கேட்க, ஆவடியிலிருந்து நேராகக் கம்பெனிக்குப் போனார். மேலாளர் ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இது உங்க கையெழுத்துதானே?” அவ்வளவுதான் பேச்சு. ஹேமநாதனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் பணம் போனது ஒரு பக்கம். கூட இருந்த பதினோரு குடும்பத்தையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே!

வீடு திரும்பினால், வாசலில் வேம்புலி காத்திருந்தான். கடைசல் பிரிவில் இருந்தவன். அன்று எழுதிக் கொடுத்த பதினோரு பேரில் ஒருவன். கையில் வெள்ளைத்தாளும் புதுப் பேனாவும்.

“வரி திரும்ப வர்றதுக்கு இன்னா எழுதணும் அண்ணாத்தே? நீ எழுது, நான் பாத்து அப்டியே எழுதிக்கிறேன்.”

“எழுதறதுக்கு ஒண்ணும் இல்லடா. உங்க எல்லாரையும் நான்தான் கெடுத்துட்டேன்.”

வேம்புலி சிரித்தான். “சும்மா வெளாடாத அண்ணாத்தே” என்று சொல்லி, பேனா மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினான்.