கயிறு பிடித்தவளின் பங்கு

என் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், மகள் ஒரு குளிர் நாட்டில் பாராளுமன்ற உறுப்பினர். நாட்டின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது அவளுக்கு அனுப்பிவைப்பார்கள், அவள் போனில் என்னோடு மல்லுக்கு நிற்பாள். நாங்கள் இருக்கும் கண்டக்குழியில் எல்லோருக்கும் இது தெரியும். கடைக்குப் போனால் கதிரையை இழுத்துப் போடுகிறார்கள். "எம்.பி.ட நானா வந்திரிக்கார், தேத்தண்ணி ஊத்துங்க" என்கிறார்கள். நானா என்றால் அண்ணன். எனக்குக் கதிரையும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது ஒரு மண் வழி. ரோட்டிலிருந்து எங்கள் கரைவலைத் துறைக்கு மீன் லொறி வந்துபோகிற அளவுக்கு ஒரு வழி.

அந்த வழி முன்பு இருந்தது. யுத்தம் முடிந்து ரோட்டுக்கெல்லாம் கார்ப்பெட் போட்ட பிறகு ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் ஓடுகிற விளையாட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்றார்கள், வந்தார்கள். எங்கள் துறைக்குப் பக்கத்துத் தென்னங்காணியை ஒருவர் வாங்கினார். கொங்கிரீட் தூண் நட்டு முள்ளுக்கம்பி இழுத்தார். வழியும் கம்பிக்கு உள்ளே போய்விட்டது. கேட்டால் வரைபடத்தில் வழி இல்லையாம். வரைபடம் கீறியவன் ஒருநாளாவது அந்த மணலில் வலை சுமந்திருந்தால் வழி இருந்திருக்கும்.

வழி போனதும் லொறி வரவில்லை. மீனைக் கூடையில் ஏற்றி, தலையில் வைத்து, ஹோட்டலைச் சுற்றி முள்ளுக்காட்டு வழியாக ரோட்டுக்குக் கொண்டுபோனோம். சூடை மீனுக்கு வெயில் ஆகாது. ரோட்டுக்குப் போய்ச் சேரும்போது வயிறு வெடித்திருக்கும். மீன் வாங்கும் முதலாளி மூக்கைச் சுளித்துவிட்டு, கருவாட்டுக்குத்தான் ஆகும் என்று போய்விடுவார். எங்கள் சம்மாட்டி, அதாவது வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர், கண்டக்குழியிலேயே பிறந்த மனிதர். அவர் ஒருநாள் மணலில் குந்திக்கொண்டு சொன்னார்:

"தம்பி, வழி திறபடாட்டி இந்தப் பருவத்தோட வலைய வித்துருவேன். எனக்கு வேற வழி இல்ல."

வலை போனால் அவருக்கு ஒரு வலை போகும். கரையில் நின்று அந்த வலையின் கயிற்றை இழுத்துச் சோறு தின்னும் எங்களுக்கு எல்லாம் போகும்.

அந்த ஹோட்டல்காரர் என் தங்கச்சியுடைய நாட்டுக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. வாடியில், எங்கள் மீன்பிடிக் கொட்டிலில், எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எங்களைப் புலிகள் வெளியேற்றிய வருடம் நாங்கள் ஒரே வள்ளத்தில் கற்பிட்டிப் பக்கம் இந்தக் கண்டக்குழிக்கு வந்தோம். கிடுகுக் குடிசையில் இருந்தோம். அவள் தண்ணீர் வரிசையில் நின்று பெரிய பெண்களோடு சண்டை பிடிப்பாள். எந்தக் குடம் முன்னால் வந்தது, எது இடையில் புகுந்தது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். உள்ளூர்ப் பொம்பிளைகள் "அகதிக் குட்டிக்கு வாயப் பாரு" என்பார்கள். அவள் திரும்பி, "வாய் மட்டும்தான் கொண்டுவர விட்டாங்க" என்பாள். தில்லையடியில் ஒரு மாமி வீட்டில் தங்கிப் படித்தாள். பிறகு வெளிநாட்டிலிருந்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

அங்கே கந்தோர், அதாவது ஆபீஸ், கழுவினாள். அந்தப் பாஷையைப் பஸ்ஸில் படித்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை மூடப்போகிறார்கள் என்று தெருவிலுள்ள தாய்மாரைக் கூட்டிப்போய் நகரசபை வாசலில் குந்தினாள். ஒரு கட்சிக்காரர் அவளைக் கண்டுபிடித்தார். முதலில் நகரசபை, பிறகு பாராளுமன்றம். உழைப்பால் ஏறினாள். அதில் நான் குறை சொல்ல வரவில்லை. அவள் ஜெயித்த அன்று நான் வாடியில் எல்லோருக்கும் இனிப்புக்குத் தொதல் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் மேடையில் அவள் சொல்லும் கதை இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். என் மகன் அதைப் போனில் போட்டு அர்த்தம் சொன்னான். "நான் தன்னந்தனியாக ஒரு சிறு படகில் கடலைக் கடந்தேன்" என்கிறாள். தனியாகவா? அந்த வள்ளத்தில் காலை நீட்ட இடமில்லை. என் மடியில் இருந்து என் சேட் முழுக்கச் சத்தி எடுத்தாள். அங்கே கைதட்டுகிறார்கள். தனியாக வந்தவளுக்குத்தான் கைதட்டு. கூட்டத்தோடு வந்தவளை யார் பார்க்கப்போகிறார்கள்?

அவள் ஒரு தூதுக்குழுவோடு இலங்கைக்கு வருகிறாள், கம்பி இழுத்த அந்த ஹோட்டலில்தான் பகல் சாப்பாடு என்ற செய்தி வந்ததும் ஊர் பதறியது. சந்தியில் பெனர் கட்டினார்கள். "எங்கள் மண்ணின் மகளே வருக." அதைக் கட்டியவர்களில் பாதிப்பேர் நேற்றுவரைக்கும் எங்களை அகதி என்றவர்கள். எங்களுக்கு அந்த மண்ணில் ஒரு கொட்டில் போட எத்தனை பேருடைய காலைப் பிடித்தோம் என்பது எனக்குத் தெரியும். அவள் எம்.பி. ஆனதும் மண்ணின் மகள். நான் இன்னும் அகதிதான்.

சம்மாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, காசு பணம் ஒண்டும் கேக்கல. உங்கட தங்கச்சி அந்தாளுக்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். கம்பியை லொறி அளவுக்கு விலத்தச் சொல்லுங்க."

"சொல்லுவா. சின்னதுலயே வரிசை பாத்துச் சண்டை பிடிச்சவ" என்றேன். அவ்வளவு நம்பினேன்.

அவள் வந்தாள். ஹோட்டலின் கடற்கரை வாசலால் கமராக்காரர்களோடு எங்கள் துறைக்கு இறங்கினாள். நாங்கள் வலை வளைத்துக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் சம்மாட்டிக்கு மெஷின் கிடையாது, எல்லாம் கைதான். என்னைக் கண்டதும், "நானா! என்ன இப்பிடி மெலிஞ்சி போயிட்டீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் கலங்கியது.

பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தாள். குதிகாலை மணலில் புதைத்து, சாய்ந்து, ஒழுங்காக இழுத்தாள். சின்னதில் எங்களோடு இழுத்ததை மறக்கவில்லை. எங்கள் பையன்கள் "ஏலேலோ, எம்.பி. இழுக்கிறா, கடல் முழுக்க வருது" என்று கிண்டல் பண்ணினார்கள். அவளும் சிரித்தாள். கமராக்காரர்கள் போதும் என்றதும் விட்டாள்.

நான் பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "தங்கச்சி, அந்தக் கம்பியப் பாரு. எங்கட லொறி வாற வழி அதுக்குள்ள. வழி இல்லாட்டி வலை இல்ல. அந்தாள் உன்ட நாட்டாள். ஒரு வார்த்தை சொல்லு."

அவள் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினாள். "நானா, நான் இங்க விருந்தாளி. இன்னொரு நாட்டுட விசயத்துல தலையிட ஏலாது."

"இன்னொரு நாடா?"

"அப்பிடித்தான் சட்டம். நான் அவருக்கிட்டச் சொன்னா, எம்.பி. அதிகாரத்தால நெருக்கினதா எழுதுவாங்க. எதிர்க்கட்சி என்ன விடாது. விளங்குதா?"

"விளங்குது. கயிறு பிடிக்க மட்டும் சட்டம் விடுமா?"

அவளை யாரோ கூப்பிட்டார்கள். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

வலை கரைக்கு வர லுஹர், பகல் தொழுகை நேரம், தாண்டியது. வலையின் மடியில் பெரிதாக ஒன்றுமில்லை, சூடையும் கொஞ்சம் பாரைக்குட்டியும். எங்கள் துறையில் ஒரு வழக்கம். கயிற்றில் கை வைத்த எவரும் வெறுங்கையோடு போகக்கூடாது. வழியால் போன பிச்சைக்காரன் பிடித்தாலும் சரி, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வந்த பொடியன் பிடித்தாலும் சரி, கறிக்கு மீன் உண்டு. அது தானம் இல்லை, பங்கு. கொடுக்காவிட்டால் வலைக்கு பரக்கத், அல்லாஹ்வின் அருள், இருக்காது என்பார்கள். வாங்கினவனுக்கும் கடமை உண்டு. வலை கிழிந்தால் அவனும் வந்து குந்தித் தைக்கவேண்டும்.

சம்மாட்டி பங்கு பிரித்தார். கடைசியில் நல்ல பாரைக்குட்டிகளாகப் பார்த்து ஒரு பையில் போட்டார்.

"இது ஆருக்கு?" என்றான் ஒருவன்.

"தங்கச்சிக்கு."

"அவக்கு என்னத்துக்கு? போட்டோக்குத்தானே பிடிச்சா!"

"எதுக்குப் பிடிச்சாலும் கயிறு கயிறுதான். வெறுங்கையா அனுப்ப ஏலாது." பையை என்னிடம் நீட்டினார்.

நான் அதைக் கொண்டுபோனேன். கடற்கரை வாசலில் நின்ற காவலாளி சிலாபத்துப் பக்கத்துப் பையன். மீன் வாசத்தோடு உள்ளே விட முடியாது, பின்பக்கக் குசினி வாசலால் போங்க என்றான். நான் சத்தம் போட்டேன். நான் சத்தம் போட்டால் கரையெல்லாம் கேட்கும். அவளே எழும்பி வந்தாள். பின்னால் ஹோட்டல்காரரும் வந்தார்.

"நானா, ஐயோ, இதெல்லாம் என்னத்துக்கு? எனக்குப் பரிசு வாங்க ஏலாது. அதுக்கும் சட்டம் இரிக்கி."

"இது பரிசு இல்ல. உன்ட பங்கு. பரிசெண்டா வேணாமெண்டு சொல்லலாம்."

அவளுக்கு விளங்கியது. கண்டக்குழியில் வளர்ந்தவளுக்கு அது விளங்காமல் இருக்காது. பையைக் கையில் வாங்கினாள்.

"வாங்கிட்டாய். இப்ப நீ இந்த வலைட ஆள்" என்றேன். "வலைக்கு வழி அடைச்சவர் உனக்குப் பின்னால நிக்கிறார். திரும்பிக் கேளு."

ஹோட்டல்காரர் அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பிறகு அவருக்கு ஏதோ பதில் சொன்னாள். அவர் சிரித்தார். என் தோளைத் தட்டினார். சமையல்காரனைக் கூப்பிட்டுப் பையைக் காட்டினார்.

"என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"நம்மட ஊர் வழக்கம், விருந்தாளிக்கு மீன் குடுக்கிறதெண்டு சொன்னேன்."

அவ்வளவுதான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சமையல்காரன் கை நீட்டுவதற்கு முன் பையை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். "விருந்தாளிக்கு ஹோட்டல் சோறு போடும். இது விருந்தாளிட மீன் இல்ல" என்றேன். அவள் "நானா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். பார்க்கட்டும். பார்க்கிறவர்களுக்காகத்தானே கயிறு பிடித்தாள்.

திரும்பி வந்து பையைச் சம்மாட்டியின் முன்னால் வைத்தேன். அவர் பதறிப்போனார். "என்ன வேலை பாத்தீங்க! குடுத்த பங்கத் திருப்பி வாங்கிறதா? எங்கட வாப்பா காலத்துலயும் ஆரும் செஞ்சதில்ல." அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை. அந்த மீனை யாரும் எடுக்கவும் இல்லை. காகம் தின்றது.

அவள் போய்விட்டாள். கயிறு இழுக்கும் படம் அவளுடைய நாட்டுப் பத்திரிகையில் வந்ததாம். ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக்கி மாட்டினார்கள். கம்பி அப்படியே இருந்தது. பருவம் முடிவதற்கு முன்பே சம்மாட்டி வலையை உடப்பு என்ற ஊரில் ஒருவருக்கு விற்றார்.

ஊரில் கதை என்னவென்றால், நான் பங்கைத் திருப்பி வாங்கியதால்தான் பரக்கத் போயிற்றாம். தேத்தண்ணிக் கடையில் என் காதில் விழும்படியே சொல்கிறார்கள். கதிரை இழுத்துப் போட்ட அதே ஆட்கள். சொல்லட்டும். வலை போனது வழி இல்லாததால். வழி இல்லாதது கம்பியால். கம்பியை விலத்தச் சொல்ல வாய் இருந்தவள் சொல்லவில்லை. இதில் பரக்கத் எங்கே வருகிறது?

வலையை ஏற்ற உடப்பிலிருந்து லொறி வந்தது. துறைக்கு இறங்க வழி இல்லாமல் ரோட்டில் நின்றது. வலையைச் சுருட்டி, வரிசையாகத் தோளில் வைத்து, கம்பியைச் சுற்றி முள்ளுக்காட்டு வழியாக நாங்களே சுமந்துபோய் ஏற்றினோம். சம்மாட்டி முன்னால் நடந்தார், அவருக்கும் எனக்கும் நடுவில் இரண்டு ஆள். ஹோட்டல் முற்றத்தில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் கம்பிக்கு உள்ளே நின்று எங்களுக்குக் கை காட்டின. எங்களில் யாருக்கும் திருப்பிக் காட்டக் கை ஒழிவில்லை.